நாலு சில்லு இழுவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. இந்த வாகனத்தில் ஒரு பிழையும் இல்லை. இதைப் பிடித்திருப்பது கண்ணூறு. வேறொன்றும் இல்லை.

கிட்ட வாங்கோ. அந்தப் பக்கம் வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கோ. சித்திரை பிறந்தும் பனி போகவில்லை. நோர்வே முடிகிற இடம் இது. இதற்கு மேலே கடல்தான். நீங்கள் சுகாதார நிலையத்தில் வேலை செய்கிற தம்பிதானே? இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர் வந்திருக்கிறார் என்று மீன் தொழிற்சாலையில் கதைத்தார்கள். வாகனம் விற்கிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? கடையில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தீர்களோ? சரி, சரி, அதைப் பிறகு சொல்லுங்கோ. முதலில் வாகனத்தைப் பாருங்கோ.

உயரத்தைப் பாருங்கோ. நிறத்தைப் பாருங்கோ. நல்ல நீலம். ஜீப் போல நிற்கிறதா இல்லையா? நாலு சில்லு இழுவை. பனி ஊரில் அது இல்லாமல் ஆகாது தம்பி. சாதாரண வாகனத்தில் இரண்டு சக்கரந்தான் இழுக்கும். மற்ற இரண்டும் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் போலச் சும்மா கூடவே வரும். இதில் நாலும் இழுக்கும். இழுத்தது. கண்ணூறு படும்வரைக்கும் இழுத்தது.

யாருடைய கண் என்று கேட்கிறீர்கள். என் சகலனுடைய கண்.

சகலன் என்றால் தெரியுந்தானே? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முறை சொல்லி விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. என் மனைவி யோகமலர். அவளுடைய அக்கா ஞானமலர். அக்காவின் புருசன் சற்குணராசா. அதோ, வீதிக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வீடு. வாசலில் கடுகு நிறத்தில் ஒரு பழைய பெட்டி நிற்கிறதே, அதுதான் அவனுடைய வாகனம். வயதில் எனக்கு இளையவன். ஆனால் மூத்தவளைக் கட்டியபடியால் முறையில் மூத்தவன். சபையில் அவனுக்குத்தான் முதல் மரியாதை. அதற்கு மேலே என்னை "அண்ணை, அண்ணை" என்று வேறு கூப்பிடுவான். நக்கல்தானே? நக்கலில்லாமல் யாராவது அப்படி வாய் நிறையக் கூப்பிடுவார்களா?

அவன் அந்தப் பெட்டியை வாங்கின கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாதக்கணக்காய்த் தேடினான். எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும் கீழே அட்டையை விரித்து மல்லாந்து படுத்துவிடுவான். ரோட்டில் போடுகிற உப்பு அடித்தகட்டைத் தின்றுவிடுமாம், மேல் மினுக்கத்தைப் பார்த்து வாங்கக் கூடாதாம். கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். நாலு ரயரும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான். எஞ்சினை முதலே சூடாக்கி வைக்கக் கூடாது, ஆறினபடியே இருக்கட்டும், நான் வந்து ஸ்ரார்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்று விற்கிறவர்களிடம் சொல்லிவைத்தான். கடைசியில் பனி மேட்டில் நடுவழியில் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பார்த்தான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து வாங்குவார்களே, அந்தக் கணக்கு. இவ்வளவும் பார்த்து வாங்கினது என்ன? கதவு நசுங்கின ஒரு கடுகுப் பெட்டி! நாலு சில்லும் இழுக்கும், அது சரி. இருக்கை எல்லாம் றெக்சின். குளிருக்கு ஐஸ் கட்டியில் இருக்கிற மாதிரி இருக்கும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டி ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை தம்பி. ஒரு நாள் கூட. அதுதான் என் வயிற்றெரிச்சல். இல்லை, வயிற்றெரிச்சல் என்று சொல்லக் கூடாது. எனக்கு ஏன் வயிறெரிய வேண்டும்? சொல்ல வந்தது வேறு.

நாங்கள் நாலு பேரும் ஒரே மீன் தொழிற்சாலை. ஒரே நேரத்து வேலை. அப்போது என்னிடம் ஒரு சின்ன வாகனம் இருந்தது. ஒரு நாள் அது மேட்டில் ஏறாமல் பின்னாலே சறுக்கி, பள்ளிக்கூட மதிலோடு போய் நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் யோகமலர் பயந்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் பார்க்கிறேன், அவள் வீதியைக் கடந்து போய் அவனுடைய வாகனத்தில் ஏறுகிறாள். ஞானமலருக்கோ பின் இருக்கையில் காலை நீட்டி நித்திரை கொள்ள வேண்டும். ஆகவே யோகமலர் முன்னால். அவனுக்குப் பக்கத்தில்.

பிழையாக விளங்க வேண்டாம். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதுவும் ஒரு கரைச்சல்தான். அப்படிப்பட்ட ஆளாக இருந்தால் ஒரு சண்டையாவது பிடிக்கலாம். கதவு சாத்துகிற நேரம் உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன கதை, எதற்குச் சிரிப்பு, தெரியாது. என்னோடு வருகிறபோது அவள் சிரித்ததில்லை. கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, மெல்ல! இஞ்சேருங்கோ, பாத்து!" இதுதான் கதை. எனக்கு "இஞ்சேருங்கோ." அவனுக்கு "அத்தான்." முறை அதுதான், எனக்கும் தெரியும். தெரிந்தாலும் காது கேட்கிறதே.

நானும் அதிலேயே ஏறிப் போகலாந்தானே என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். நான் ஏறுவதா? அவனுடைய பின் சீற்றில், நித்திரை கொள்கிற ஞானமலரின் காலடியிலா? நான் என் வாகனத்தில்தான் போனேன். அவர்களுக்குப் பின்னால், தனியே. அவனுடைய சில்லுப் போன தடத்தில் என் சில்லை வைத்து, அவனுடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு. அந்த இரண்டு விளக்குக்கும் நடுவில், கண்ணாடிக்குள்ளே, யோகமலரின் தொப்பி தெரியும். வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்போதுதான் தீர்மானித்தேன். நாலு சில்லு இழுவை ஒன்று வாங்குவது. அவனைக் கேட்காமல் வாங்குவது.

விளம்பரத்தில் இந்த நீலத்தைக் கண்டேன். நாலு சில்லு இழுவைக்கு இந்த நாட்டார் சொல்லுகிற சொல் பெரிய நீளம், என் வாயில் நுழையாது. ஆனால் அதன் வால் எனக்குத் தெரியும். த்ரெக். த்ரெக் என்றால் இழுவை. நாலுக்கு ஃபீர. போதாதா? மொழி தெரியாது, மொழி தெரியாது என்று யோகமலர் எப்போதும் சொல்வாள். தொழிற்சாலையில் எனக்கு இரண்டு பக்கமும் தமிழர், எதிரே போலந்துக்காரர். அதற்குள் இவ்வளவு படித்ததே பெரிது.

விற்றது ஒரு கிழவி. தனியாள். பக்கத்து ஊர். போனவுடன் கோப்பி தந்தாள். நான் கேட்டேன், "ஃபீர த்ரெக்?" அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! "ஃபீர த்ரெக்! ஃபீர த்ரெக்!" என்று நாலு விரலையும் விரித்துக் காட்டினாள். கையைப் பிடித்து வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்து இருக்கையில் தட்டித் தட்டி, "த்ரெக்," என்றாள். மற்ற இருக்கையில் தட்டி, "த்ரெக்," என்றாள். பின்னாலும் போய்த் தட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு எஞ்சினில் இவ்வளவு பற்றா என்று நான் அதிசயப்பட்டுப்போனேன்.

இந்த இருக்கை உறைகளைப் பாருங்கோ, நாலும் அவள் தன் கையால் பின்னினது. சுத்தமான ஆட்டுக் கம்பளி. நட்சத்திரப் பூ வைத்து. கை வையுங்கோ, சூடு தெரிகிறதா? யோகமலர் இந்த வாகனத்தில் நல்லது என்று சொன்னது இதை மட்டுந்தான். "வாகனத்தை விடுங்கோ, உறை நல்ல உறை," என்றாள்.

கீழே குனிந்து பார்த்தேனா என்று கேட்கிறீர்களோ? ஒரு வயதான மனுசி கோப்பி தந்து, கண் கலங்கி, நாலு விரலைக் காட்டிச் சொல்லுகிறாள். அதற்குப் பிறகு நான் அட்டையை விரித்து அவளுடைய வாசலில் மல்லாந்து படுப்பதா? நான் என்ன சற்குணராசாவா?

கொண்டுவந்து சேர்ந்த அடுத்த நாள் தைப்பொங்கல். இந்த ஊரில் தையில் சூரியன் எழும்பாது. சூரியன் இல்லாமலே சூரியனுக்குப் பொங்குவோம், மின்சார அடுப்பில். பகலே இருட்டு. பொங்கலோடு வாகனத்துக்கும் பூசை வைத்தோம். சந்தனம், குங்குமம், சில்லுக்கு ஒன்றாய் நாலு எலுமிச்சம்பழம். முதல் நாளே கடையில் வாங்கி வாகனத்துக்குள்ளேயே மறந்துபோய் விட்டுவிட்டேன். காலையில் எடுத்தால் கல்லு! கிரிக்கெட் பந்து போல. ஞானமலர், "சூட்டுத் தண்ணியில போட்டு எடுப்பம்," என்றாள். நான் விடவில்லை. நாலு சில்லு இழுவைக்கு இது ஒரு பொருட்டா?

எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். யோகமலர் கற்பூரத் தட்டோடு நிற்கிறாள். வாகனத்தை எடுத்தேன். முன் சில்லு இரண்டும் சுழன்று அந்த இரண்டு பழத்தையும் பக்கத்தில் வீசி எறிந்தன. ஒன்று போய்ச் சற்குணராசாவின் காலில், சப்பாத்தின் மேல் பட்டது. பின் சில்லுக்கு முன்னால் வைத்த பழம் இரண்டும் வைத்தபடியே. பின் சில்லு அசையவே இல்லை. கட்டை வைத்த மாதிரி வாகனம் அப்படியே நிற்கிறது. முன்னால் பனிக்கட்டி பறக்கிறது.

சற்குணராசா வந்தான். குனிந்தான். பின் சில்லடியில் முழந்தாளில் நின்று, கைபேசி வெளிச்சத்தை அடித்து, நெடுநேரம் கீழே பார்த்தான். பிறகு அந்த இரண்டு பழத்தையும் எடுத்துத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எழும்பினபோது அவனுடைய முகம் மாறிப்போயிருந்தது. என்னைப் பார்த்தான், யோகமலரைப் பார்த்தான். "நல்ல வாகனம், அண்ணை. நிறம் நல்லாயிருக்கு," என்று மட்டும் சொன்னான்.

அதுதான் தம்பி. அந்த நேரந்தான் கண்ணூறு பட்டது. பொறாமைப்படுகிறவனின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து இது சறுக்கத் தொடங்கினது. மேடு என்றால் பயம். பனிக்கு ஆணி பதித்த புது ரயர் போட்டேன். மிளகாய் சுற்றினேன். பூசணிக்காய் உடைத்தேன், அது பனியில் விழுந்து உடையாமல் நின்றது. யோகமலர் ஒரு கிழமை என்னோடு வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பவும் வீதியைக் கடந்தாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு நாள் தேநீர் குடிக்க வந்த மாதிரி வந்து, மெல்லச் சொல்கிறான்: "அண்ணை, உங்கட வாகனத்தை ஒருக்காத் தூக்கிப் பாப்பமே? எனக்குத் தெரிஞ்ச கராஜ் ஒண்டு இருக்கு. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம், பெண்டுகளுக்குச் சொல்லத் தேவையில்லை."

"ஏன், என்ர வாகனத்துக்கு என்ன குறை?" என்றேன்.

"குறையெண்டில்லை அண்ணை..."

"அப்ப தேத்தண்ணியைக் குடியும்."

குடித்துவிட்டுப் போனான். அவனுடைய கராஜுக்கு நான் போவேனா? வேறு கராஜுக்கும் போகவில்லை. போனால் அவன் சொல்லித்தான் போனேன் என்று ஆகிவிடுந்தானே.

பிறகு மாசியில் ஒரு கல்யாணம் வந்தது. பட்டணத்தில், பெண்கள் இரண்டு பேருக்கும் மாமா மகளுடைய கல்யாணம். மலைப்பாதையால் போக வேண்டும். அன்றைக்கு யோகமலர் என்னுடைய வாகனத்தில் ஏறினாள். தானாகவே ஏறினாள். கல்யாண வாசலில் புருசனின் வாகனத்தில் வந்து இறங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். பட்டுச்சேலை, அதற்கு மேலே தடித்த சட்டை, காலில் பனிச் சப்பாத்து, மடியில் மல்லிகைப்பூப் பெட்டி. ஒஸ்லோவில் இருந்து விமானத்தில் எடுப்பித்த பூ. வாகனம் முழுக்க வாசம். "உறை நல்ல சூடு," என்றாள். கொஞ்சம் சிரித்தாள். நான் கண்டேன்.

காற்றடித்தால் மலையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு பனி தள்ளுகிற பெரிய வண்டி முன்னே போக, மற்ற வாகனங்கள் அதன் பின்னாலே கோழிக்குஞ்சு போல வரிசையாய்ப் போக வேண்டும். மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் ஒவ்வொரு வாகனமாய் வந்து கேட்டான். எனக்கு விளங்கின சொல் த்ரெக் ஒன்றுதான். நாலு விரலையும் விரித்துக் காட்டினேன். வலுக் குறைந்த வாகனங்களை முன்னுக்கு விட்டு, என்னைக் கடைசிக்குப் போகச் சொன்னான். எனக்குப் பெருமை. யோகமலருக்குச் சொன்னேன், "பாத்தீரே, எங்களை நம்பிக் கடைசியில விடுறான்." எனக்கு முன்னால் கடுகுப் பெட்டி.

கடைசியில் போகிறவனுக்குப் பாதை மிஞ்சாது தம்பி. தள்ளின பனியைக் காற்றுத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். மேட்டின் நடுவில் நீலம் நின்றுவிட்டது. முன் சில்லு சுழலுகிறது, அவ்வளவுதான். கடுகுப் பெட்டி போய் மறையும் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த நிமிசம் நின்றது. அவன் முன்கண்ணாடியைப் பார்த்து ஓடுகிறானா, பின்கண்ணாடியைப் பார்த்து ஓடுகிறானா? எந்த நேரமும் என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்!

இறங்கி வந்தான், கையில் கயிற்றோடு. பனி வண்டியில் போன மஞ்சள் அங்கிக்காரனும் திரும்பி வந்து, பெண்பிள்ளையை மற்ற வாகனத்தில் ஏற்று என்று கையைக் காட்டினான். யோகமலர் என்னைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தக் காற்றில் நடந்து போய்க் கடுகுப் பெட்டியில் ஏறினாள். முன்னுக்கு. ஞானமலர் பின்னால் நித்திரை.

அந்தக் கயிற்றை யோசித்துப் பாருங்கோ. தடிப்பான புதுக் கயிறு. பொங்கலுக்குப் பிறகுதான் வாங்கினானாம், ஞானமலர் சொன்னாள். என்னைக் கட்டி இழுக்க வேண்டும் என்று அப்போதே மனதில் வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

மலை இறங்கிப் பட்டணத்துக்குள் வந்தோம். மண்டபத்துக்கு முந்தின வளைவில் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தான். "இனிச் சமன் தரை அண்ணை, கயிறு வீணா நனையுது," என்றான். கயிற்றில் அவ்வளவு கவனம். யோகமலரையும் என் பக்கம் அனுப்பிவிட்டான். "நீங்கள் முன்னால போங்கோ, நாங்கள் பின்னால வாறம்." எதற்கு என்னை முன்னால் விட்டான்? நான் வாசலில் சறுக்கினால் பின்னாலிருந்து பார்க்கத்தான். நான் சறுக்கவில்லை. நேரே கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். எல்லாரும் வந்து, "புது வாகனமோ?" என்று கேட்டார்கள். யோகமலர் இறங்கினாள். அவளுடைய கை ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. அந்த றெக்சின் இருக்கை.

திரும்பி வந்த பிறகு அவள் ஒரேயொரு வசனந்தான் சொன்னாள். "இனி நீங்கள் என்ன வாகனம் வாங்கினாலும், அத்தான் பாத்துச் சரியெண்டால்தான் நான் ஏறுவன்."

விளங்குதா தம்பி? அதுதான் விற்கிறேன். இதை விற்று, இன்னொன்று வாங்கி, அவன் பார்க்காமல், அவன் தொடாமல், அவன் குனியாமல், அதில் அவளை ஏற்ற வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரே ஒரு இருக்கையில் ஒரே ஒரு ஆள். அது பெரிய ஆசையா?

உங்களுக்குக் கண்ணூறு ஒன்றும் செய்யாது. நீங்கள் வேறு ஆள், வேறு ராசி. உங்களிடம் வந்தால் நாலும் திரும்ப இழுக்கும்.

என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்?

நாலு சில்லு இழுவை உங்களுக்குத் தேவையில்லையோ? ஓ, அடுத்த மாதம் பேர்கனுக்குத் திரும்பிப் போகிறீர்களோ. மழை ஊர். பனி குறைவு. சரி, இரண்டு இழுத்தாலே போதும் என்றால் நல்லதுதான். ஆனால் இது...

இல்லை, நில்லுங்கோ. திரும்பச் சொல்லுங்கோ. இது தொடக்கத்திலிருந்தே இரண்டு சில்லு இழுவையா? பின் சில்லுக்குப் போகிற தண்டே கீழே இல்லையா? நீங்கள் இன்னும் குனிந்தே பார்க்கவில்லையே. கிழவி நாலு விரலைக் காட்டினாளே!

உறைக்கும் அதே சொல்லா? இருக்கைக்குப் போடுகிற உறைக்கும் த்ரெக் என்றுதான் சொல்வார்களா?

நாலு த்ரெக். நாலு உறை. அதுதான் இருக்கையில் தட்டித் தட்டி...

சரி. சரி தம்பி. ஒரு நிமிசம் இருங்கோ, இந்தப் படியில் இருக்கிறேன்.

கீழே பார்க்காமல் உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைத் துண்டைப் பார்த்து வரவில்லையா? சற்குணராசா அனுப்பினானா? "மலை ஊருக்குச் சரிவராது, ஆனால் எஞ்சின் சுத்தம், உப்புத் தின்னாத தகடு, பேர்கனுக்கு நல்ல வாகனம்" என்று சொன்னானா? அப்போ அன்றைக்கு நெடுநேரம் குனிந்து நின்றது அதற்குத்தானா. எலுமிச்சம்பழம் வைத்த அன்றே தெரியுமா அவனுக்கு?

ஞானமலருக்குத் தெரியுமா? தெரியாது. யோகமலருக்கு? அவளுக்கும் சொல்லவில்லையா. எனக்கும் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் கேட்டானா? நீங்கள் மனம் கேளாமல் சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்.

பொங்கலிலிருந்து சித்திரைவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான் அவனுடைய இடத்தில் இருந்திருந்தால், பொங்கல் ஆறுவதற்கு முன்னே ஊர் முழுக்கச் சொல்லி, பட்டணத்துக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லியிருப்பேன். பாருங்கோ தம்பி. வாகனத்தில் முந்தினான், சரி. முறையில் முந்தினான், சரி. இதிலுமா முந்த வேண்டும்? ஒரு மனுசன் ஒரு இடத்திலாவது மற்றவனுக்கு வழி விடக் கூடாதா?

வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கோ. நல்ல விலைக்கே தருகிறேன். நாலு சில்லு என்று சொன்னதை மறந்துவிடுங்கோ.

ஆனால் உறைகளைத் தர மாட்டேன். கோபிக்க வேண்டாம். பேர்கனில் உங்களுக்கு அவ்வளவு குளிராது. நாளைக் காலையில், அவன் எழும்புவதற்கு முன்னே, வீதியைக் கடந்து போய் அவனுடைய முன் இருக்கைக்கு இதில் ஒன்றைப் போட்டுவிடப் போகிறேன். அவன் இருக்கிற பக்கத்துக்கு இல்லை. மற்றப் பக்கத்துக்கு. அவள் இருக்கிற பக்கத்துக்கு.

நாலு சில்லும் அவனுடையதாய் இருக்கட்டும். த்ரெக் என்னுடையது.